மருமகளைக் கேட்காமல் எழுதிய ஜெபக் குறிப்பு

என் வாயால்தான் என் வீடு காலியானது. இதை மழுப்பாமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிசாசின் சோதனை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். எங்கள் சபையில் அப்படிச் சொன்னால் யாரும் மேற்கொண்டு கேள்வி கேட்கமாட்டார்கள். ஆனால் அன்று பேனாவைப் பிடித்தது என் கை. எழுதியது என் எழுத்து.

இரண்டு வருடங்களுக்கு முன், ஆகஸ்ட் மாதத்தின் முதல் ஞாயிறு. நாங்கள் கிள்ளானில் ஒரு தாமானில், வரிசை வீடுகள் கொண்ட குடியிருப்பில், இருக்கிறோம். என் பெயர் எஸ்தர். வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். என் வீட்டுக்காரர் சாமுவேல் பள்ளி வேன் ஓட்டுகிறார். ஒரே மகன் டேனியலுக்கு ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அவன் மனைவி பிரேமா. பந்திங்கில் ஓர் இந்துக் குடும்பத்தில் பிறந்தவள். திருமணத்துக்கு முந்தின வருடம் அவளாகவே விரும்பி ஞானஸ்நானம் எடுத்தாள். நான்கு பேரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம்.

எங்கள் சபையில் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டி இருக்கும். ஜெபக் குறிப்புகளைச் சீட்டில் எழுதி அதில் போடுவோம். மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்து முடிந்ததும் பாஸ்டர் அந்தச் சீட்டுகளை எடுத்து மைக்கில் ஒவ்வொன்றாக வாசிப்பார். சபை முழுவதும் சேர்ந்து ஜெபிக்கும். வீட்டுக்காரரின் சர்க்கரை, டேனியலின் வேலை, பக்கத்து வீட்டு ஆன்டியின் முழங்கால் என்று நான் அந்தப் பெட்டியில் போடாத விஷயம் இல்லை. பெட்டியை எனக்கே குத்தகைக்கு விட்டுவிட்டார்கள் என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

அன்று போட்ட சீட்டில் நான் இப்படி எழுதியிருந்தேன்: "என் மருமகள் பிரேமாவுக்குத் திருமணமாகி நான்கு வருடங்கள் ஆகின்றன. கர்த்தர் கர்ப்பத்தின் கனியைத் தர ஜெபிக்கவும்." நல்ல மனதோடுதான் எழுதினேன். பேரப்பிள்ளை ஆசை இருந்தது, மறுக்கவில்லை. அவள்மேல் பாசமும் இருந்தது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று மட்டும் தோன்றவே இல்லை. ஜெபம்தானே, அதற்கு யாரிடம் அனுமதி கேட்பது?

பாஸ்டர் வாசித்தார். வாசித்துவிட்டு, "பிரேமா சிஸ்டர், டேனியல் பிரதர், கொஞ்சம் முன்னுக்கு வாங்க. தாய்மாருங்க யாராச்சும் வந்து சிஸ்டர் மேல கை வைங்க" என்றார்.

பிரேமா எழுந்து நின்றாள். ஒரு கணம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு டேனியலோடு முன்னே நடந்து போனாள். ஆறேழு பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். முதலில் போனவள் நான்தான். அவள் வயிற்றில் கை வைத்துச் சத்தமாக ஜெபித்தேன். சபை முழுவதும் ஆமென் என்றது. எனக்குக் கண்ணீர் வந்தது. அவள் கண்களைத் திறந்தபடியே நின்றாள். புதிய விசுவாசி, கூச்சப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் அறைக்குள் போனாள். அரை மணி நேரத்தில் ஒரு துணிப்பையோடு வெளியே வந்தாள். "அம்மா வீட்டுக்குப் போயிட்டு வரேன் அத்தை" என்றாள். குரலில் கோபமே இல்லை. அது இருந்திருந்தால் நான் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். டேனியல் அவளைப் பந்திங்கில் விட்டுவிட்டுச் சாயங்காலம் திரும்பி வந்தான். நான் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன்.

"அம்மா, பிரேமா மாசமா இருந்தா. பத்து வாரம். மூணு வாரத்துக்கு முன்னதான் கலைஞ்சிருச்சு."

என் கையிலிருந்த கரண்டியை எங்கே வைத்தேன் என்று எனக்குத் தெரியாது.

"மூணு மாசம் முடியட்டும், அப்புறம் உங்ககிட்ட சொல்லலாம்னு இருந்தோம். அதுக்குள்ள சொல்றதுக்கு ஒண்ணும் இல்லாம போச்சு."

அந்த நேரத்தில் ஒரு தாய் என்ன சொல்ல வேண்டும்? நான் சொன்னது இது: "என்கிட்ட ஏன்டா சொல்லல?"

அவன் என்னையே பார்த்தான். "சொல்லியிருந்தா அதுவும் பெட்டிக்குத்தான்மா போயிருக்கும்."

அடுத்த வாரம் அவனும் பந்திங்குக்கே போய்விட்டான். அங்கிருந்து தினமும் ஷா ஆலமுக்கு வேலைக்குப் போய் வந்தான். சனிக்கிழமை மட்டும் எங்களைப் பார்க்க வருவான். சாப்பிடுவான், அப்பாவோடு இரண்டு வார்த்தை பேசுவான், கிளம்பிவிடுவான். திரும்பி வந்து தங்குவதைப் பற்றிக் கேட்டால், "தெரியல, அம்மா. பக்கத்துல வேற வீடு பாக்கலாம்னு இருக்கோம்" என்பான். என் குடும்பம் இனி ஒரே மேசையில் உட்காராது என்று எனக்குப் பயம் வந்தது.

பயம் வந்ததே தவிர, புத்தி வரவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா? முதல் இரண்டு வாரங்கள் எனக்குக் கோபம்தான். நான் என்ன பில்லி சூனியமா வைத்தேன்? ஜெபம்தானே கேட்டேன்? இப்படி என் வீட்டுக்காரரிடம் ஒரு நாள் காலையில் கத்திக்கொண்டிருந்தேன். அவர் அதிகம் பேசமாட்டார். வேன் சாவியைத் தேடிக்கொண்டே சொன்னார்: "நீ ஆண்டவர்கிட்டயா கேட்ட, எஸ்தர்? மைக்குகிட்டல கேட்ட."

எனக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. அவர் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை சபையில் பெண்களின் உபவாச ஜெபம். வாசலில் மேசைமேல் சீட்டும் பேனாவும் இருந்தன. பழக்கதோஷம், பேனாவை எடுத்துவிட்டேன். "என் மருமகள் வீட்டுக்குத் திரும்பி வர" என்று எழுதவும் ஆரம்பித்துவிட்டேன். "என் மருமகள்" என்ற இரண்டு வார்த்தைகளுக்குமேல் கை ஓடவில்லை. இதையும் மைக்கில் வாசிப்பார்கள். ஏன் போனாள் என்று கேட்பார்கள். நான் சொல்வேன். என்னை எனக்குத் தெரியும், கேட்டால் சொல்லிவிடுவேன். சீட்டைச் சுருட்டிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்று ஒரு முடிவு எடுத்தேன். இந்த ஒரு விஷயத்தை ஆண்டவரைத் தவிர யாரிடமும் பேசமாட்டேன். பாஸ்டரிடமும் இல்லை, என் அக்காவிடமும் இல்லை. தினமும் விடிகாலை ஐந்தரை மணிக்கு, தையல் மிஷின் முன்னால் முழங்காலில் நிற்பேன். என்ன ஆனாலும் நிறுத்தமாட்டேன். பிடிவாதம் எனக்குப் பிறவியிலேயே வந்தது. அதுவரை அதை மற்றவர்கள்மேல்தான் காட்டியிருக்கிறேன்.

முதல் மூன்று நாட்கள் நான் செய்தது ஜெபமே இல்லை, புகார். அவள் இப்படிச் செய்தாள், அவன் இப்படிப் பேசினான். நாலாவது நாள் எனக்கே சலித்துவிட்டது. ஆண்டவருக்கு எவ்வளவு சலித்திருக்கும்! சரி, இன்று ஒரு புகாரும் சொல்வதில்லை, பிரேமாவுக்காக நன்றி மட்டும் சொல்வேன் என்று தீர்மானித்தேன். ஒரு நாளைக்கு ஒரு காரியம். முந்தின நாள் சொன்னதைத் திரும்பச் சொல்லக்கூடாது.

முதல் நாள் ரொம்ப நேரம் யோசித்து, "ஆண்டவரே, அவ சாப்பிட்ட தட்டை சிங்க்ல போட்டுட்டுப் போகமாட்டா, உடனே கழுவி வெச்சிடுவா, அதுக்கு ஸ்தோத்திரம்" என்றேன். சொல்லும்போது எனக்கே சிரிப்பு வந்தது. மறுநாள், தன் மாமனாருக்குச் சர்க்கரை மாத்திரையை அவள் மறக்காமல் எடுத்து வைப்பதற்காக. அதற்கு மறுநாள், எனக்கு ஊசியில் நூல் கோக்கக் கண் தெரிவதில்லை என்று நான் சொல்லாமலே கவனித்து, ஞாயிற்றுக்கிழமைதோறும் பத்து ஊசிகளில் நூல் கோத்துக் குத்தி வைப்பாளே, அதற்காக. அன்று எழுந்து பார்த்தேன். மிஷின் பக்கத்தில் குத்தியிருந்த ஊசிகளில் ஒன்றில்கூட நூல் இல்லை.

பதினொன்றாவது நாளோ பன்னிரண்டாவது நாளோ, அவள் இஞ்சி தட்டிப் போட்டு வைக்கும் தேநீருக்காக நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது திடீரென்று ஞாபகம் வந்தது. ஜூலை மாதம் அவள் சமையலறைக்கு வரும்போதெல்லாம் முந்தானையால் மூக்கை மூடிக்கொள்வாள். வெறும் இஞ்சித் தண்ணீர் மட்டும் குடிப்பாள். பிறகு ஒரு வாரம் வேலைக்கு லீவு போட்டுவிட்டு சோபாவில் சுருண்டு படுத்திருந்தாள். நான் துணி வெட்டிக்கொண்டே கேட்டேன்: "என்ன பிரேமா, எந்நேரமும் படுத்தே கெடக்க? எந்திரிச்சு நடந்தாத்தானே உடம்பு நல்லாருக்கும்?" அவள் எழுந்தாள். எழுந்து போய்த் துணி காயப்போட்டாள்.

அது அவள் பிள்ளையை இழந்த வாரம்.

அன்று நான் அழுத அழுகையை எழுத எனக்குத் தமிழ் தெரியாது. அதுவரை என் தவறு ஒரு சீட்டு என்று நினைத்திருந்தேன். நன்றி சொல்ல உட்கார்ந்த பிறகுதான் அவளை நான் சரியாகப் பார்த்ததே இல்லை என்று தெரிந்தது. நாலு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அவள் வயிறு நிறைந்திருக்கிறதா என்று பார்த்தேனே தவிர, முகத்தைப் பார்க்கவில்லை. அன்றுமுதல் என் ஜெபம் மாறியது. "அவளைத் திருப்பி அனுப்பும்" என்று கேட்பதை நிறுத்தினேன். "அவள் மனதை ஆற்றும், என் வாயைக் காத்தருளும்" என்று கேட்டேன்.

வாயைக் காக்கச் சோதனையும் உடனே வந்தது. ஆராதனை முடிந்து காரி பஃப் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது லில்லி ஆன்டி பக்கத்தில் வந்து நின்றார். சபையில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் அவருக்குத் தெரியாமல் போகாது.

"மருமகளைக் காணோமே எஸ்தர்? நாலு வாரம் ஆச்சு லா."

"பந்திங்ல இருக்கா, ஆன்டி. அம்மா வீட்டுல."

"ஏன், ஏதாச்சும் விசேஷமா?"

"அவ அம்மா வீடுதானே ஆன்டி, போயிருக்கா. காரி பஃப் நல்லாருக்குல்ல?"

அந்த ஒரு கேள்விக்கு அப்படிப் பதில் சொல்ல எனக்கு எவ்வளவு பலம் தேவைப்பட்டது தெரியுமா? வீட்டுக்கு வந்து அதற்கும் ஒரு ஸ்தோத்திரம் சொன்னேன்.

செப்டம்பர் மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, பந்திங்குக்குப் போனேன். முதல் நாளே டேனியலிடம் போனில், "பிரேமாவைப் பாக்க வரலாமான்னு கேட்டுச் சொல்லு" என்றேன். அரை மணி கழித்து, "வரச் சொன்னா" என்று பதில் வந்தது. என் வீட்டுக்காரர் வேனில் கொண்டுவிடுகிறேன் என்றார். வேண்டாம் என்று பஸ் ஏறினேன். வழி நெடுக ஒரே ஒரு பயிற்சிதான் செய்தேன். மன்னிப்புக் கேட்கும்போது "ஆனா" என்ற வார்த்தை வரக்கூடாது. எத்தனை முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாலும் கடைசியில் "ஆனா நான் நல்லதுக்குத்தான்" என்று வந்து நின்றது. செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டே அதை வெட்டி வெட்டி எறிந்தேன்.

கதவைத் திறந்தது என் சம்பந்தி சரோஜா. நெற்றியில் திருநீறு. அப்போதுதான் சாமி கும்பிட்டுவிட்டு வந்திருந்தார். "வாங்க சம்பந்தி, உக்காருங்க" என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை, மரியாதை இருந்தது. பிரேமா உள்ளேயிருந்து வந்து எதிரே உட்கார்ந்தாள். இளைத்திருந்தாள்.

"பிரேமா, உன்னோட விஷயத்தை உன்னைக் கேக்காம ஊருக்கே சொல்லிட்டேன். தப்பு பண்ணிட்டேன். நீ சோபால படுத்திருந்தப்ப உன்னைத் திட்டினேன். அதுவும் தப்பு. என்னை மன்னிச்சிரும்மா." அதோடு நிறுத்திவிட்டேன். "ஆனா" வரவில்லை.

அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "அன்னிக்கு எல்லாரும் என் வயித்துல கை வெச்சு ஜெபிச்சீங்க அத்தை. உள்ள இருந்தது போயிருச்சுன்னு அங்க எனக்கும் இவருக்கும் மட்டும்தான் தெரியும். கத்தணும்போல இருந்துச்சு. அத்தனை பேருக்கு நடுவுல எப்படிக் கத்துறது?"

நான் அழுதேன். அவளும் அழுதாள். சரோஜா எழுந்து போய் எங்கள் இருவருக்கும் தேநீர் போட்டுக்கொண்டு வந்தார். அதை என் கையில் கொடுத்துவிட்டு, "அவ சொல்லாதேன்னா, நான் என் கூடப்பொறந்த தங்கச்சிகிட்டகூட சொல்லல சம்பந்தி" என்றார். குத்திக்காட்டும் குரல் இல்லை. அதனாலேயே சுருக்கென்றது. இத்தனை வருடங்களாக இந்த வீட்டாருக்கு இயேசுவைச் சொல்ல வேண்டும் என்று பாரத்தோடு இருந்தவள் நான். அன்று அந்த அம்மாவிடம் நான்தான் கற்றுக்கொண்டேன்.

கிளம்பும்போது, "உனக்காக ஒரு சின்ன ஜெபம் பண்ணட்டுமா பிரேமா?" என்று கேட்டேன். வாழ்க்கையில் முதல் முறையாக இந்தக் கேள்வியைக் கேட்டேன்.

"இன்னிக்கு வேணாம் அத்தை."

"சரிம்மா."

அந்த "சரிம்மா" சொல்வது மன்னிப்புக் கேட்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. வீட்டுக்குத் திரும்பி வருகிறாயா என்று கேட்கவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன். மறுநாள் ஐந்தரைக்கு மறுபடியும் மிஷின் முன்னால் முழங்காலில் நின்றேன். நான் போய் வந்த அன்றே அற்புதம் நடக்கும் என்று எதிர்பார்த்தவள்தான். நடக்கவில்லை. அக்டோபர் முழுவதும் நடக்கவில்லை. ஸ்தோத்திரம் மட்டும் ஒரு நாளும் தவறவில்லை. அவளுக்காக நன்றி சொல்ல எனக்கு விஷயம் தீரவும் இல்லை.

நவம்பர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், பிரேமாவே போன் செய்தாள். மூன்று மாதத்துக்குப் பிறகு அவளிடமிருந்து வந்த முதல் அழைப்பு.

"அத்தை, நாளைக்கு நாங்க வரோம். குடும்ப ஜெபம் வைக்கலாமா? நம்ம நாலு பேர் மட்டும். வேற யாரும் வேணாம்."

"யாரும் வேணாம்மா. நாலு பேர்தான்."

வந்தார்கள். மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். எங்கள் வீட்டில் எப்போதும் நான்தான் நீளமாக ஜெபிப்பேன். மீன்குழம்பு ஆறிப்போகும் அளவுக்கு ஜெபிப்பேன். அன்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிரேமா ஜெபித்தாள். "அப்பா, பத்து வாரம் எங்களுக்குக் குடுத்தீங்க. அதுக்கு நன்றி. பாப்பாவைப் பத்திரமா வெச்சுக்குங்க." அவ்வளவுதான். அந்தப் பிள்ளைக்காக இந்த வீட்டில் நாங்கள் நான்கு பேரும் சேர்ந்து அழுதது அன்றுதான். அழுது முடித்துச் சாப்பிட்டோம். டேனியல் இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டான். என் வீட்டுக்காரர் ஒரு பழைய வேன் கதையைச் சொன்னார். நூறு தடவை கேட்ட கதை. பிரேமா சிரித்தாள்.

அவர்கள் அன்று பந்திங்குக்குத் திரும்பிப் போகவில்லை. காரில் துணிப்பை இருந்திருக்கிறது. "வேணாம்னு தோணினா திரும்பிப் போயிரலாம்னுதான் கார்லயே வெச்சோம்" என்று பிறகு டேனியல் சொன்னான். என் ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார். ஒரு சீட்டும் இல்லாமல், ஒரு மைக்கும் இல்லாமல் கேட்டார்.

இதைப் படித்துக்கொண்டு, கடைசியில் குழந்தை பிறந்ததா என்று காத்திருப்பவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். எங்கள் வீட்டில் இன்றுவரை நான்கு பேர்தான். அதற்குமேல் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் சந்தோஷம் இருக்கிறது. சனிக்கிழமை பாசாருக்குப் போய் மீன் வாங்குவதில் நானும் பிரேமாவும் சண்டை போடுகிறோம். அவளுக்கு இறால், எனக்குக் கெம்போங் மீன். என் வீட்டுக்காரர் இருவரையும் ஏற்றிக்கொண்டு வேனில் பாட்டு போடுகிறார். சரோஜா மாதம் ஒரு முறை வந்து தங்குகிறார். இதெல்லாம் ஒரு சாட்சியா என்று கேட்கலாம். ஒரு முறை இழந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சபையில் இப்போது அந்தப் பெட்டியை நான் பார்த்துக்கொள்கிறேன். பாஸ்டரிடம் நடந்ததை, பிரேமாவின் சம்மதத்தோடு, சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். இப்போது மைக்கில் யார் பெயரையும் வாசிப்பதில்லை. யாராவது மற்றவருக்காகச் சீட்டு எழுதினால் நான் கேட்கிறேன்: "அவங்களுக்குத் தெரியுமா சிஸ்டர்?" சிலர் சீட்டை மடித்துத் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு பேர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். பரவாயில்லை.

இந்தச் சாட்சியை எழுதலாமா என்று பிரேமாவிடம் கேட்டேன். எழுதியதை வாங்கிப் படித்தாள். மூன்று வரிகளை அடித்தாள். அவளுக்கு என்ன பெயர் வைப்பது என்றும் அவளே சொன்னாள். அந்தப் பெயர்தான் இதில் இருக்கிறது.

அன்பானவர்களே, உங்கள் வீட்டில் ஒருவர் மாற வேண்டும் என்று ஜெபித்துக்கொண்டிருக்கிறீர்களா? நிறுத்தாதீர்கள். ஆனால் நாளைக்குக் காலையில் அவருக்காக ஒரு நன்றி சொல்லி ஆரம்பியுங்கள். மறுநாள் இன்னொன்று. கர்த்தர் உங்களுக்குக் காட்ட வேண்டியதைக் காட்டுவார். எனக்குக் காட்டினவர் உங்களையும் விடமாட்டார்.

போன வெள்ளிக்கிழமை நான் மிஷினை மூடிக்கொண்டிருந்தேன். பிரேமா வேலையிலிருந்து வந்து நேராக என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அத்தை, எனக்காக ஜெபம் பண்ணுங்க."

"என்னன்னு பண்ணட்டும்மா?"

"அது என்னன்னு மட்டும் கேக்காதீங்க."

அவள் தலையில் கை வைத்து ஜெபித்தேன். எதற்காக என்று எனக்கு இன்றும் தெரியாது.